சளியா, ஃப்ளூவா? முதல் 48 மணி நேரத்தில் பிரித்தறியும் முறை

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் நம் வீடுகளில் யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவார். மழையில் நனைந்ததால் சளி பிடித்துவிட்டது என்று சொல்லி, சுக்குக் கசாயம் ஒரு தம்ளர் கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் சென்னை, வேலூர் போன்ற இடங்களில் ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்சாவும் அதிகமாகப் பரவுகிறது. டெல்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் ஸ்ரீநகரில் கடும் குளிர்காலத்திலும் உச்சம் தொடும் இந்த நோய், நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு சுற்றும் வருவதுண்டு.

பெயர்க் குழப்பம் இங்கே பெரிய தடையாக இருக்கிறது. மூக்கு ஒழுகினாலே ஃப்ளூ என்று சொல்பவர்களும் உண்டு; உண்மையான ஃப்ளூ வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்து விஷக்காய்ச்சல் என்று சொல்பவர்களும் உண்டு. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸ் எங்கோ ஒழிந்துபோய்விட்டதாகப் பலர் நம்புகிறார்கள். அது ஒழியவில்லை. 2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்த பிறகு, ஆண்டுதோறும் வந்துபோகும் வழக்கமான ஃப்ளூ வைரஸ்களில் ஒன்றாக அது நம்மோடு தங்கிவிட்டது. அதோடு எச்3என்2 என்ற இன்னொரு ஏ வகை வைரஸும், பி வகை வைரஸும் சுற்றி வருகின்றன. 2023 மார்ச் மாதத்தில் தமிழ்நாடு முழுவதும் காய்ச்சல் முகாம்கள் நடந்தது எச்3என்2 பரவியபோதுதான்.

சளியையும் ஃப்ளூவையும் பிரித்தறிய எந்த ஒரு தனி அறிகுறியும் போதாது. நோய் எப்போது, எவ்வளவு வேகமாகத் தொடங்கியது என்பதே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். அதனால்தான் இந்த வழிகாட்டி தெர்மாமீட்டரிலிருந்து தொடங்காமல் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள்

ஒருவர் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னவுடன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள் என்பதுதான். சளி பிடித்தவரால் இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது. முந்தாநாள் தொண்டையில் ஏதோ கரகரப்பு, நேற்று இரண்டு தும்மல், இன்று காலையில் மூக்கடைப்பு என்று படிப்படியாக வந்திருக்கும். ஃப்ளூ வந்தவர் பெரும்பாலும் நேரத்தையே சொல்லிவிடுவார். மதியச் சாப்பாடு வரை நன்றாகத்தான் இருந்தேன், மூன்று மணிக்குக் குளிர் எடுத்தது, ஐந்து மணிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வர முடியவில்லை என்பார்.

அந்த நேரத்தைத் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. ஃப்ளூவுக்கென்று இருக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் அதிகப் பயன் தருகிறது. இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தையே கழித்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: காய்ச்சலை அளந்து பாருங்கள்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அளவாகாது. வாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வெந்நீரோ காபியோ குடித்த உடனே வாயில் வைத்து அளக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்ட பிறகு அளப்பவர்கள், எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்; இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியில் காய்ச்சல் வருவது அரிது; வந்தாலும் உடம்பு லேசாகக் கதகதக்கும் அளவோடு நின்றுவிடும். ஃப்ளூவில் 101 முதல் 104 டிகிரி வரை சட்டென்று ஏறி, மூன்று நான்கு நாள் நீடிப்பது வழக்கம். குழந்தைகளிடம் இந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாகப் பொருந்தாது, ஏனென்றால் சின்னக் குழந்தைகளுக்குச் சளியிலும் நல்ல காய்ச்சல் வரும். முதியவர்களிடமோ இது நேர்மாறாகிவிடும்: கடுமையான ஃப்ளூ இருந்தும் காய்ச்சலே காட்டாமல் போகலாம்.

என் தந்தைக்கு 71 வயதில் இப்படித்தான் நேர்ந்தது. அவர் சர்க்கரை நோயாளி. தெர்மாமீட்டர் 99 டிகிரியைத் தாண்டவே இல்லை. கொஞ்சம் இருமினார், சாப்பாடு வேண்டாம் என்றார். சளிதான் என்று ஆவி பிடிக்க வைத்தோம். இரண்டாம் நாள் மாலை, ஒரு வரி விடாமல் படிக்கும் நாளிதழை மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிரப் பதில் வரவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நிமோனியா தொடங்கியிருந்தது. அவர் பிழைத்து வந்தார். ஆனால் முதியவர்களிடம் தெர்மாமீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பதை அன்றுதான் நாங்கள் கற்றுக்கொண்டோம். வயதானவர் திடீரென்று குழம்புவது, எழுந்து நடக்கத் தடுமாறுவது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது ஆகியவற்றைக் காய்ச்சலுக்கு இணையான அறிகுறிகளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மூக்கில் நிற்கிறதா, உடம்பெங்கும் பரவியிருக்கிறதா?

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் ஏராளம். அவற்றில் பெரும்பங்கு ரைனோ வைரஸ்களுக்கு உரியது; அதில் மட்டுமே 150க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு முறை சளி பிடித்தவருக்கு மறுபடி மறுபடி பிடிப்பதும், அதற்குத் தடுப்பூசி இல்லாமல் இருப்பதும் இதனால்தான். ரைனோ வைரஸ் 33 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் நன்றாகப் பெருகும். நாம் உள்ளிழுக்கும் காற்றால் மூக்கின் உட்புறம் உடம்பின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், அந்த வைரஸ் அங்கேயே குடியிருக்க விரும்புகிறது. தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று தொல்லை முழுவதும் கழுத்துக்கு மேலேயே நிற்பதற்கு இதுவே காரணம்.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைத் தாக்கி உரித்தெடுக்கிறது. சிலருக்கு நுரையீரல் வரை இறங்குகிறது. அதை எதிர்க்க நம் உடம்பு வெளிவிடும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் சுற்றுகின்றன. குளிர்நடுக்கம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, முதுகிலும் தொடையிலும் அடித்துப் போட்டதுபோன்ற வலி ஆகியவை எல்லாம் அந்த எதிர்ப்பின் விளைவுகள். இந்த வேறுபாட்டை வீட்டில் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நோயாளி எழுந்து போய்த் தனக்குத் தானே தண்ணீர் எடுத்துக் குடிக்கிறாரா என்று கவனியுங்கள். சளி பிடித்தவர் முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்து போவார், வேலைக்கும் போய்விடுவார். ஃப்ளூ வந்தவர் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் யாராவது எடுத்துக் கொடுக்கட்டும் என்று கிடப்பார்.

இருமலின் தன்மையும் மாறுபடும். சளியில் இருமல் கடைசியில் வந்து சேரும்; மூக்கிலிருந்து பின்பக்கமாகத் தொண்டைக்கு வடியும் சளியை வெளியேற்றுவதற்கான இருமல் அது. ஃப்ளூவில் முதல் நாளிலேயே வறட்டு இருமல் தொடங்கி, இருமும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிகிறது என்பார்கள். ஊரில் ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கும் காலத்தில், காய்ச்சலும் இருமலும் ஒன்றாகச் சேர்ந்து திடீரென்று தொடங்கியிருந்தால், வேறு காரணம் தெரியும் வரை அதை ஃப்ளூ என்றே கருதுவது பாதுகாப்பானது. சளியின் நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது சாதாரணச் சளியிலும் நடக்கும். ஆன்டிபயாடிக் தேவை என்பதற்கு அது அடையாளம் அல்ல.

குழந்தைகளிடம் இன்னும் சில அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவில் அவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் காதுவலியும் சேர்ந்து வரலாம். பி வகை ஃப்ளூவில், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கும் நாளில் கெண்டைக்கால் வலித்து, குழந்தை நடக்க மறுத்து நுனிக்காலில் நிற்பதைச் சில பெற்றோர் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் சில நாள்களில் தானே சரியாகிவிடும் தசை அழற்சிதான். ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே காட்ட வேண்டும்.

நான்காம் படி: மழைக்காலத்தின் மற்ற காய்ச்சல்களை ஒதுக்குங்கள்

வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகளை அப்படியே படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. குளிர்நாடுகளில் சளியா ஃப்ளூவா என்ற இரண்டோடு கேள்வி பெரும்பாலும் முடிந்துவிடும். நமக்கு அப்படியில்லை. ஃப்ளூ வரும் அதே மாதங்களில்தான் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகின்றன. அவையும் திடீரென்று தொடங்கி உடம்பு வலியோடு வரும்.

இங்கே மூக்கும் இருமலும்தான் வழி காட்டும். அதிகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி எல்லாம் இருந்து, மூக்கு ஒழுகலும் இருமலும் அறவே இல்லையென்றால் டெங்குவை முதலில் நினைக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குவது நிம்மதிக்குரிய செய்தியும் அல்ல. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும் அந்தக் கட்டத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேங்கிய வெள்ள நீரில் நடந்தவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொட்டாலே வலித்தால் எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனை தேவைப்படும். வயல், புதர் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். ஃப்ளூ என்று விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

கொரோனாவை வெறும் அறிகுறிகளை வைத்து ஃப்ளூவிலிருந்து பிரிக்க முடியாது. வீட்டில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் இருந்தால் பரிசோதனை செய்துவிடுவதே நல்லது.

ஐந்தாம் படி: நோயாளி யார் என்று பாருங்கள்

இதுவரை சொன்னவை நோய் எது என்பதைப் பற்றியவை. என்ன செய்ய வேண்டும் என்பதை நோயின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. நோயாளியின் நிலையும் தீர்மானிக்கிறது. ஆரோக்கியமான 25 வயது இளைஞருக்கு ஃப்ளூ வந்தால், ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், அவர்களிலும் குறிப்பாக 2 வயதுக்குட்பட்டவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரம் ஆகாத தாய்மார்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுக்கு ஃப்ளூ என்ற சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எச்1என்1 நோயாளிகளைப் பிரிக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த முறையும் இதே தர்க்கத்தில்தான் அமைந்திருக்கிறது. லேசான காய்ச்சலும் தொண்டைவலியும் உள்ளவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டாம், வீட்டில் தனித்திருந்தால் போதும். அதிகக் காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் உள்ளவர்களும், மேலே சொன்ன ஆபத்து மிகுந்தவர்களும் பி பிரிவு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கநிலை போன்றவை உள்ளவர்கள் சி பிரிவு. அவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும்.

ஃப்ளூவுக்கான மாத்திரையின் பெயர் ஓசல்டாமிவிர். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் வீதம் காலை மாலை ஐந்து நாள். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும். ஆரோக்கியமானவருக்கு அது நோயை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எல்லோரும் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆபத்து மிகுந்தவருக்கு மருத்துவர் அதை எழுதினால், பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் தொடங்குவதே முறை.

பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். மூக்கிலிருந்து சளி எடுத்து 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனை, ஃப்ளூ இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம்; இல்லை என்று சொன்னால் அப்படியே நம்ப முடியாது, ஏனென்றால் உண்மையில் ஃப்ளூ உள்ளவர்களில் கணிசமானோரை அது தவறவிடுகிறது. ஆர்டி-பிசிஆர் பரிசோதனைதான் உறுதியானது.

ஆறாம் படி: மூச்சை எண்ணுங்கள்

வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை என்பது என் துணிபு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிறும் மார்பும் தெரியும்படி வையுங்கள். கைபேசியில் முழு 60 விநாடி வைத்து, மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு, நிமோனியா இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரியவர்களிடம் ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், குழப்பம், வலிப்பு, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவை அபாய அறிகுறிகள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், 94க்குக் கீழே காட்டும்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் அது அவசரம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைத் தவறாகக் காட்டும் என்பதால், விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

ஏழாம் படி: வீட்டுப் பராமரிப்பு

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம். மருந்துக்கடையில் சளிக்கென்று தரும் கலவை மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிக் கல்லீரலைக் கெடுக்கும். குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் எடுத்த பிள்ளைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுப்ரோஃபனும் வேண்டாம்.

கஞ்சி, மிளகு ரசம், இளநீர், சுக்குக் கசாயம் எல்லாமே நல்லவைதான். அவை வைரஸைக் கொல்லாவிட்டாலும் நீர்ச்சத்தையும் தெம்பையும் தரும். சிறு குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் அதிகம். ஆன்டிபயாடிக் சளிக்கும் பயன்படாது, ஃப்ளூவுக்கும் பயன்படாது. 2023 மார்ச்சில் காய்ச்சலும் இருமலும் பரவியபோது, அசித்ரோமைசினையும் அமாக்சிக்ளாவையும் மக்கள் தாங்களாகவே வாங்கிப் போடுவதை நிறுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவச் சங்கமே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

ஃப்ளூ வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, பெரியவர்களிடமிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். பாராசிட்டமால் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே வேலைக்கோ பள்ளிக்கோ போகலாம். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் நோயாளி அதுவரை முகக்கவசம் அணிந்து, ஜன்னல் திறந்த தனி அறையில் இருக்க வேண்டும். ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது நல்லது. ஆறு மாதக் குழந்தை முதல் போடலாம். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், நம் பகுதியில் மழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பர் மாதத்துக்குள் போட்டுக்கொண்டால் பயன் மிகுதி.

எட்டாம் படி: குணமான பிறகும் இரண்டு வாரம் கவனியுங்கள்

காய்ச்சல் விட்டு, ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி காய்ச்சல் ஏறி இருமல் கூடினால் அது பழைய நோயின் மிச்சம் அல்ல. ஃப்ளூவால் புண்பட்ட மூச்சுக்குழாய் வழியே பாக்டீரியா நுழைந்து நிமோனியாவை உண்டாக்கியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் உண்மையாகவே தேவைப்படும் இடம் இதுதான்.

சோர்வும் வறட்டு இருமலும் மட்டும் இரண்டு வாரம் வரை இழுப்பது ஃப்ளூவில் இயல்பே. ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால், அதுவும் எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வையோடு சேர்ந்து இருந்தால், முதல் நாள் நேரம் குறித்து வைத்த அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே அது இலவசம்.